மலை ஏறும்போது திணறும் டர்போ கார்: எந்த இன்டர்கூலர் போடலாம்?

கேள்வி: என்னிடம் பழைய ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். இருக்கிறது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். நான் மூன்றாவது ஓனர். முன்பு வைத்திருந்தவர் கையில் முன்பக்கம் ஒருமுறை அடிபட்டு, பம்பர் மாற்றிப் பெயின்ட் அடித்த வண்டி, மற்றபடி சுத்தம். போன வருடம் என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டும் ரீமேப் செய்தேன். காலை ஆறு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குக் கிளம்பினால் பறக்கிறது. மதியம் திரும்பும்போது அதே வண்டியா என்று சந்தேகம் வருகிறது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வால்பாறை போவோம். ஆழியாறு தாண்டிப் பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறுவதற்குள் இழுவை நன்றாகவே குறைந்துவிடுகிறது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் சின்னது என்கிறார்கள். ஒரு கடையில் முன்பக்கம் முழுவதையும் அடைக்கிற மாதிரி பெரிய கோர் (இன்டர்கூலரின் குளிரும் பகுதி) போடச் சொன்னார்கள். இன்னொருவர் தண்ணீரில் குளிரவைக்கும் செட் போடுங்கள் என்றார். மூன்றாமவர், இருக்கிற இடத்திலேயே கொஞ்சம் பெரிதாகப் போட்டால் போதும் என்கிறார். ஏசி இல்லாவிட்டால் வீட்டில் யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள். எதைப் போடலாம்?

பதில்: தம்பி, மூன்று கடைக்காரர்கள் சொன்னதையும் படித்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. பம்பர் மாற்றிப் பெயின்ட் அடித்த வண்டி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். இன்டர்கூலருக்கென்று எடுத்துவைத்த பணம் அப்படியே இருக்கட்டும். முதலில் வலது முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.

உங்கள் வண்டியில் கம்பெனி வைத்த இன்டர்கூலர் வலது முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பரின் ஓரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பம்பரின் கீழ் ஓட்டை வழியாக வரும் காற்றை ஒரு பிளாஸ்டிக் டக்ட் (காற்று வழி) பிடித்து அதன் முகத்தில் விட வேண்டும். கோருக்குள் புகுந்த காற்று, பின்னால் சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையான லைனரில் வெட்டியிருக்கும் பட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும். வரும் வழி, போகும் வழி இரண்டும் திறந்திருந்தால்தான் நடுவில் இருப்பது வேலை செய்யும். டக்ட் இல்லையென்றால் காற்று எளிய வழியைத் தேடிக் கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பம்பர் மாற்றும் கடையில் இந்த டக்ட் உடைந்திருந்தால் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வெளியே தெரியாத பாகம், கேட்க ஆள் இல்லை.

இதே மாடல் வண்டி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவரும் பெரிய இன்டர்கூலர் போட வேண்டும் என்றுதான் வந்தார். லைனரை இறக்கினோம். கோரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவில் செம்மண்ணும் பூச்சி இறக்கையும் வேப்பஞ்சருகும், ஹோஸ் முனையில் கசிந்த எண்ணெயோடு சேர்ந்து காய்ந்து வறட்டி மாதிரி ஒட்டியிருந்தன. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் முன்பக்கம் மேல் மூலையில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் தெரிந்தது. டக்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திருகு ஓட்டைகள். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்து, மடங்கிய ஃபின்களைச் சீப்பு வைத்து நிமிர்த்தினோம். டக்டைத் தேடி வாங்கி மாட்டினோம். அதே சாலை, ஏறக்குறைய அதே வெயில். என்ஜினுக்குள் போகும் காற்று முன்பு 72 டிகிரி வரை போனது, பிறகு 58-இல் நின்றது. புது இன்டர்கூலர் வாங்காமலே அவர் திரும்பிப் போனார். நாமக்கல் பக்கம் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் பழக்கம். டர்போ லாரி இழுக்கவில்லை என்றால் முதலில் முன்னால் நிற்கும் கூலரின் தூசியைத்தான் ஊதிப் பார்ப்பார்கள். கார் பட்டறைகளில் அந்தப் பழக்கம் குறைவு.

சரி, சுத்தம் செய்து டக்ட் போட்ட பிறகும் போதவில்லை என்றால்? அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி மதிய வெயில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீமேப் செய்த உங்கள் டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது, அதாவது காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது. அழுத்தினாலே காற்று சூடாகும். கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று எடுத்தால் டர்போவிலிருந்து வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 130 டிகிரியில் இருக்கும். உங்களுடையது சின்ன டர்போ. மேல் ஆர்.பி.எம்.மில் அதன் திறன் 60-க்கு இறங்கினால் 145-ஐத் தாண்டும். நல்ல நிலையில் உள்ள இன்டர்கூலர் இந்தக் கூடுதல் சூட்டில் 70 சதவீதத்தை வெளியே தள்ளிவிட்டால் என்ஜினுக்கு 65 டிகிரியில் காற்று கிடைக்கும். ஃபின் அடைத்து, டக்ட் இல்லாமல் 50 சதவீதம்தான் தள்ளுகிறது என்றால் 83 டிகிரி. இந்த 18 டிகிரியில் காற்றின் அடர்த்தி 5 சதவீதம்தான் குறையும். ஆனால் நீங்கள் உணர்கிற இழுவைக் குறைவு அதைவிடப் பெரியது. காரணம் நாக்கிங். சூடான கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் என்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். காலையில் பறந்த வண்டி மதியம் சோர்வது இதனால்தான். கம்ப்யூட்டர் என்ஜினைக் காப்பாற்றுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

வால்பாறைப் பாதையில் இன்னும் மோசம். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியரில் முழு மிதி, ஐந்தாறு விநாடி, அப்புறம் பிரேக், திருப்பம், மறுபடி மிதி. என்ஜின் கேட்கும் காற்று நெடுஞ்சாலை அளவுக்கு இருக்கிறது. வண்டி வேகமோ முப்பது, நாற்பது. வெளிக்காற்று போதுமான அளவு கோருக்குள் வருவதில்லை. முதல் ஐந்து வளைவுவரை அலுமினியமே சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். பத்தாவது வளைவில் அதற்கு இடம் இல்லை. அட்டகட்டியில் டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பினால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இன்னும் மந்தமாக இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? நின்ற வண்டியில் பானெட்டுக்குள் இருக்கும் சூடு முழுவதும் குழாய்களுக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்கும் ஏறிவிடும்.

ஆகவே இரண்டாவது வேலை, அளப்பது. உங்கள் வண்டிக்கான டயக்னாஸ்டிக் கேபிளும் மென்பொருளும் வைத்திருக்கும் பட்டறையில் மூன்று குரூப்பை (அளவுகளின் தொகுப்பை) பதிவு செய்யச் சொல்லுங்கள். 118-இல் உள்ளே போகும் காற்றின் வெப்பம், 115-இல் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும், 020-இல் நான்கு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது என்பது. மூன்றாம் கியரில் 2500-இலிருந்து 6000 வரை ஒரே மிதி. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மலையில் பத்தாவது வளைவுக்கு மேல், வழக்கமாக ஏறும் அதே வேகத்தில் ஒன்று. நீங்கள் ஓட்டுங்கள், லேப்டாப்பை வேறொருவர் மடியில் வையுங்கள். முடிந்தால் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி மூடிய டிராக்கில் செய்யுங்கள். ஆனைமலை ரோட்டில் லாரிக்குப் பின்னால் வேண்டாம். வண்டியை நிறுத்திவைத்து உருளை மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் டைனோவில் எடுத்த அளவை மட்டும் நம்பி இன்டர்கூலர் தேர்வு செய்யாதீர்கள். அங்கே முன்னால் வைக்கும் விசிறி, நெடுஞ்சாலையில் அடிக்கும் காற்றுக்கு ஈடாகாது.

மூன்று, நான்கு டிகிரி பின்வாங்கினால் நம் ஊர் வெயிலுக்கு அது சாதாரணம். நான்கு சிலிண்டரிலும் எட்டு, ஒன்பதைத் தாண்டினால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் காட்டினால் அது இன்டர்கூலர் விஷயமாக இருக்காது. ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். கேட்ட பூஸ்ட்டைவிட வந்தது குறைவு என்றால் எங்கேயோ லீக். டர்போவின் உள்வழியை மூடி, கம்ப்ரஸர் காற்றை மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயது வண்டியில் ஏதாவது ஒரு ஹோஸ் குமிழி விடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மிதியை விட்டதும் மிச்ச பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள் சவ்வும் கிழிந்திருக்கலாம். லீக் இருக்கும் வண்டியில் டர்போ கூடுதலாகச் சுழன்று, கூடுதலாகக் காற்றைச் சூடாக்கும். அந்தச் சூட்டுக்கு நீங்கள் புது இன்டர்கூலர் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகும், ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போகும் காற்று வெளி வெப்பத்தைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறினால், அப்போது இன்டர்கூலரை மாற்றலாம். மூன்று யோசனைகளில் எனக்குப் பிடித்தது எது, ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீர் செட் உங்களுக்கு வேண்டாம். முறை மோசமில்லை. ஃபோக்ஸ்வாகனே போலோ ஜி.டி. 1.2 டி.எஸ்.ஐ.யில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் தண்ணீரில் குளிரும் கோரைத்தான் வைத்தது. குழாய் நீளம் குறையும், மிதித்ததும் பதில் கிடைக்கும். ஆனால் தண்ணீர் வாங்கிய சூட்டையும் கடைசியில் முன்னால் ஒரு ரேடியேட்டர் வைத்துக் காற்றில்தானே விட வேண்டும்? உங்கள் ரீமேப் என்ஜின் முழு மிதியில் விநாடிக்குச் சுமார் 150 கிராம் காற்றை இழுக்கும். அதை 130-இலிருந்து 65-க்கு இறக்குவது என்றால் கிட்டத்தட்ட 10 கிலோவாட் சூடு. வீட்டுக் குளியலறை கீசர் 2 கிலோவாட். அப்படி ஐந்து கீசர். செட்டில் 5 லிட்டர் தண்ணீர் இருந்தால், முன்னால் இருக்கும் ரேடியேட்டர் சுணங்கும்போது விநாடிக்கு அரை டிகிரி ஏறும். நாற்பது விநாடி முழு மிதியில் 20 டிகிரி. கால் மைல் பந்தயத்துக்கு அருமை. நாற்பது வளைவு மலைக்கு, சூடேறிய தண்ணீர் திரும்ப ஆறுவதற்குள் உங்களுக்கு வால்பாறை வந்துவிடும். கூடவே ஒரு பம்ப், ஒரு தொட்டி, நாலைந்து ஹோஸ் என்று பழுதாகக்கூடிய பாகங்கள் வேறு. பம்ப் நின்றால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது.

முன்பக்கம் முழுவதையும் அடைக்கும் கோர்? இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். பல வருடம் முன்பு என் சொந்த வண்டிக்கு 76 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெரிய கோர் போட்டேன். புறவழிச்சாலையில் அற்புதமாக ஓடியது. காந்திபுரம் சிக்னலில் நின்றபோது ஏசி வெறும் காற்றை ஊதியது, ரேடியேட்டர் முள் நடுவை விட்டு ஏறியது. ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போக வேண்டிய காற்றை இன்டர்கூலர் பிடித்துக்கொண்டிருந்தது. அதோடு கனமான கோரின் பின்பாதிக்கு ஏற்கெனவே முன்பாதியில் சூடான காற்றுதான் கிடைக்கும். கனம் இரண்டு மடங்கானால் குளிர்ச்சி இரண்டு மடங்காகாது. அந்தக் கோரை மூன்றே மாதத்தில் கழற்றினேன். ஏசி இல்லாமல் வண்டியில் ஏறாத உங்கள் வீட்டுக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது.

இன்னொரு ஆபத்து, அழுத்த இழப்பு. இதைக் கடையில் யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உங்கள் வண்டியின் பூஸ்ட் சென்சார் இன்டர்கூலரைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. மோசமாகச் செய்த கோரிலும் கூர்மையாக மடங்கும் குழாயிலும் 0.2 பார் தொலைந்தால், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. தான் கேட்ட 1 பார் வரும்வரை டர்போவை மேலும் சுற்றச் சொல்லும். டர்போ இப்போது 1.2 பார் செய்ய வேண்டும். முந்தைய கணக்குப்படி 130 டிகிரியில் வந்த காற்று இப்போது 145-க்குப் போகும். குளிர வைக்கத்தான் பெரிய கோர் வாங்கினோம். அதுவே 15 டிகிரியைக் கூட்டிக் கொடுக்கிறது. சின்ன டர்போவுக்கு மேல் ஆர்.பி.எம்.மில் ஏற்கெனவே மூச்சு முட்டும். அதன் ஆயுளையும் இது தின்னும். ஆகவே எந்தக் கோரானாலும் டர்போ வாயில் ஒரு கேஜ், இன்டர்கூலருக்குப் பின் ஒரு கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு மிதியில் வித்தியாசம் 0.1 பாருக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்வேன். கம்பெனிக் குழாய்களில், இடம் போதாமல் தட்டையாக நசுக்கிய துண்டு ஒன்று டர்போவிலிருந்து வரும் வழியில் இருக்கும். அதை முழு வட்டக் குழாயாக மாற்றுவது செலவு குறைந்த நல்ல வேலை.

மூன்றாமவர் சொன்னது, அதாவது இப்போதிருக்கும் ஓரத்திலேயே பெரிதாக வைக்கும் சைடு மவுன்ட், மூன்றிலும் நியாயமான பேச்சு. பம்பர் வெட்ட வேண்டாம், ஏசிக்குத் தொந்தரவு இல்லை, டக்டும் லைனரும் ஏற்கெனவே வடிவமைத்த வழியிலேயே வேலை செய்யும். பொள்ளாச்சி–கோவை ஓட்டம் மட்டும் என்றால் அதையே போடச் சொல்லி முடித்திருப்பேன். வால்பாறை என்பதால்தான் தயக்கம். அந்த மூலையில் மெதுவான வேகத்தில் காற்று வரத்து குறைவு. ரேடியேட்டர் விசிறியின் இழுப்பும் அங்கே எட்டாது. நடுவில் வைத்த கோருக்கு, வண்டி மெதுவாகப் போகும்போதும் பின்னால் சுற்றும் விசிறி கொஞ்சம் காற்றை இழுத்துக் கொடுக்கும்.

எனவே உங்கள் வண்டிக்கு என் தேர்வு: அளவான முன்பக்கக் கோர். அகலம் 500 மில்லிமீட்டர், உயரம் 200, கனம் 60-க்குள். பம்பருக்குள் இருக்கும் இரும்பு பீமுக்குக் கீழே, கீழ் ஓட்டைக்கு நேராக உட்காரும்; கண்டென்சரின் மேல்பாதி திறந்தே இருக்கும். பீமை வெட்டித்தான் மாட்ட முடியும் என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விபத்தில் உங்கள் குடும்பத்துக்கு முன்னால் நிற்பது அந்த இரும்புதான்.

கோரில் இரண்டு வகை வரும். தகடும் கட்டையும் அடுக்கிச் செய்தது கனமானது, கல்லடி தாங்கும், சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், ஆனால் மெதுவாக ஆறும். மெல்லிய குழாயும் ஃபின்னுமாகச் செய்தது எடை குறைவு, காற்றைத் தாராளமாகப் பின்னால் விடும், சீக்கிரம் ஆறும். ஏசியும் மலையும் சேர்ந்த உங்கள் உபயோகத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், முன்னால் ஒரு கம்பி வலை போட்டு. குழாய் இரண்டு அல்லது இரண்டே கால் அங்குலம் போதும். மூன்று அங்குலம் போட்டால் நிரப்ப வேண்டிய இடம்தான் கூடும். கோரின் இரு பக்க டேங்கையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: காற்று நுழைந்ததும் நேராகச் சுவரில் முட்டுகிறதா, சரிவாக விரிந்து எல்லா வரிசைக்கும் போகிறதா? உள்ளே விரலை விட்டு வெல்டிங் துணுக்கு தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். இன்டர்கூலருக்கு அடுத்தது என்ஜின்தான்; அந்தத் துணுக்கு நேராக உள்ளே போய்விடும். கோரின் நான்கு பக்கத்திலும் ஃபோம் பட்டை ஒட்டி, பம்பர் ஓட்டையிலிருந்து கோர் முகம் வரை அலுமினியத் தகட்டில் ஒரு டக்ட் கட்டச் சொல்லுங்கள். இதைச் செய்ய ஒரு மணி நேரம்தான் ஆகும். இதைச் செய்யாத கடைகள்தான் அதிகம்.

மாட்டிய பிறகு ரீமேப் செய்தவரிடம் மறுபடி போய் லாக் (பதிவு செய்த அளவுகள்) காட்டுங்கள். காற்று குளிர்ந்துவிட்டது என்று பூஸ்ட்டைக் கூட்டித் தரச் சொல்லாதீர்கள். கிடைத்த இடைவெளி வெயிலுக்கு இருக்கட்டும். பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் போடுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. செய்யும் முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய இன்டர்கூலர், குழாய், டக்ட் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

இப்போதைக்கு லைனரைக் கழற்றி மூன்று போட்டோ எடுங்கள்: டக்ட் இருக்க வேண்டிய இடம், கோரின் முகம், பின்னாலிருந்து டார்ச் அடித்தபோது தெரியும் வெளிச்சம். அவற்றோடு சுத்தம் செய்வதற்கு முன் ஒரு மதிய லாக், செய்த பின் ஒரு மதிய லாக் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, கோர் வாங்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.